இரண்டடித் தயக்கம்



இடைக்கால ஐரோப்பிய இலக்கியத்தில் அரசவைக் காதல் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் யார் பேச எழுந்தாலும் ஒரு பட்டியல் வந்துவிடும். காதலி மேலிடத்துப் பெண்ணாக, பெரும்பாலும் இன்னொருவர் மனைவியாக இருப்பாள். காதலன் அவளுக்கு ஆளாகிப் பணிசெய்வான். காதல் வெளியே தெரியக் கூடாது. அந்தக் காதலால் அவன் மேன்மை அடைவான். பட்டியல் தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு காவியங்களுக்குள் போனால் பாதி இடத்தில் பொருந்தாது. ஆகவே ஒரே ஒரு காவியத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

கிரெத்தியான் த த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் பாடியது. 1177-க்கும் 1181-க்கும் இடையில் எழுந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் அடிகள். தமிழில் 'வண்டி வீரன்' என்று சொல்லிக்கொள்ளலாம். நாயகன் லான்ஸ்லாட். நாயகி ஆர்தர் மன்னனின் பட்டத்தரசி கினிவியர்.

மெலியாகாந்த் என்ற முரட்டு இளவரசன் ஆர்தரின் அவைக்கே வந்து சவால்விட்டு அரசியைக் கொண்டுபோய்விடுகிறான். அவளைத் தேடி ஒரு வீரன் புறப்படுகிறான். பெயர் சொல்லப்படவில்லை. குதிரைகளை விரட்டி விரட்டியே சாகடித்துவிட்டு, முழுக் கவசத்தோடு கால்நடையாக வருகிறான். எதிரே ஒரு வண்டி. ஓட்டுகிறவன் ஒரு குள்ளன், கையில் கோல். இந்த இடத்தில் கவிஞர் கதையை நிறுத்திவிட்டு வண்டியைப் பற்றி விளக்குகிறார். கொலைகாரன், திருடன் இவர்களை ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றிக்காட்டும் வண்டி அது. அதில் ஏறினவனை அதன்பிறகு எந்த அவையிலும் மதிக்கமாட்டார்கள். எதிரில் அப்படி ஒரு வண்டி வந்தால் சிலுவைக்குறி போட்டுக்கொள்வது வழக்கமாம். அரசி போன வழி எது என்று வீரன் கேட்கிறான். ஏறினால் நாளைக்குள் தெரியும் என்கிறான் குள்ளன்.

வீரன் இரண்டடி நடக்கும் நேரம் தயங்குகிறான். அறிவு வேண்டாம் என்கிறது. காதல் ஏறு என்கிறது. ஏறிவிடுகிறான். பின்னாலேயே ஆர்தரின் மருமகன் கவேன் குதிரையில் வருகிறான். அவனையும் கூப்பிடுகிறார்கள். குதிரையை விட்டுவிட்டு வண்டியில் ஏற எனக்கென்ன பைத்தியமா என்று அவன் குதிரையிலேயே தொடர்கிறான். ஊருக்குள் நுழைந்ததும் சிறுவர் முதல் கிழவர் வரை கேலி. இவன் செய்த குற்றம் என்ன, தோலை உரிக்கப்போகிறார்களா, தூக்கில் போடப்போகிறார்களா என்று குள்ளனைத் துரத்தித் துரத்திக் கேட்கிறார்கள்.

இந்த இரண்டடித் தயக்கத்துக்குள் அரசவைக் காதலின் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. அதை நிறுவக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தக் காதல் முதலில் பாட்டாகப் பிறந்தது, தெற்குப் பிரான்சில், ஓக்ஸிதான் மொழியில். த்ரூபதூர் என்று அழைக்கப்பட்ட இந்தப் பாடற்கவிஞர்களில் நமக்குக் கிடைக்கும் முதல்வர் ஓர் ஏழைப் பாணர் அல்லர். அக்கித்தேன் நாட்டின் அதிபதி ஒன்பதாம் கியோம், 1071-இல் பிறந்தவர். இரண்டு தடவை திருச்சபை அவரை விலக்கிவைத்தது. வேறொரு பிரபுவின் மனைவியைக் கொண்டுவந்து தம் அரண்மனைக் கோபுரத்தில் வைத்துக்கொண்டவர். அடக்கத்தையும் காத்திருத்தலையும் பாடும் மரபுக்கு இப்படி ஒரு மூதாதை! அவருக்குப் பின் வந்த தலைமுறைகளில் பெர்னார்ட் த வெந்ததோர்ன் போன்றவர்கள் அந்தப் பாட்டை நுண்மையாக்கினார்கள். பெர்னார்ட் ஒரு கோட்டையில் அடுப்பு எரிக்கும் வேலையாளின் மகன் என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்புகளில் கதை அதிகம், சரித்திரம் குறைவு. ஆனால் அதிபதியும் வேலைக்காரர் மகனும் ஒரே சந்தத்தில், ஒரே பணிவோடு பாடினார்கள் என்று அந்த நூற்றாண்டு நம்ப விரும்பியிருக்கிறது.

அந்தப் பணிவு எங்கிருந்து வந்தது? ஒரு வீரன் தன் பிரபுவுக்கு ஆளாகும்போது மண்டியிட்டு, இரு கைகளையும் சேர்த்துப் பிரபுவின் கைகளுக்குள் வைப்பான். அந்தச் சடங்கை அப்படியே எடுத்துப் பிரபுவின் இடத்தில் பிரபுவின் மனைவியை நிறுத்தியது பாட்டு. அவள் ஆணையிடுவாள், இவன் ஊழியம் செய்வான், கூலி அவள் மனம் வைத்தால் உண்டு. களவு, கற்பு என்று நம் அகத்திணையை எடுத்து இதன்மேல் ஒட்டிப் பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுக்கலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. அது வேறு நிலம், வேறு சொத்துமுறை என்பதால் இன்று அடக்கிக்கொள்கிறேன்.

பாட்டுக்கு ஒரு வசதி இருந்தது. பாட்டில் காதலன் ஆயுள் முழுக்கக் காத்திருக்கலாம். உனக்காக உயிரையும் மானத்தையும் விடுவேன் என்று பாடி முடித்தால் பாட்டும் முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். கதை கேட்க வந்தவர்கள் அப்படி எழுந்துபோக மாட்டார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். மானத்தை விடுவேன் என்றவன் முன்னால் கிரெத்தியான் நிஜமாகவே ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாட்டு வாங்கிய கடனை வசூலிக்க வந்தது காவியம் என்று சொல்வேன்.

வசூல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வழியில் ஓர் ஊற்று. பக்கத்துக் கல்மேல் பொன்பூசிய தந்தச் சீப்பு ஒன்று கிடக்கிறது. பற்களில் அரைக் கைப்பிடி முடி. கூட வரும் பெண் அது கினிவியரின் சீப்பு என்கிறாள். கேட்டதும் வீரனுக்குச் சேணத்தின்மேல் உடல் சரிகிறது, பேச்சு வரவில்லை, முகத்தில் ரத்தம் இல்லை. அவள் தன் குதிரையிலிருந்து குதித்து ஓடிவந்து தாங்கப்போகிறாள். அவன் சுதாரித்துக்கொண்டு எதற்கு வந்தாய் என்று கேட்கிறான். அவன் வெட்கப்படக் கூடாதே என்று, சீப்பை வாங்கத்தான் வந்தேன் என்கிறாள். எவ்வளவு நாகரிகமான பொய்! அவன் சீப்பைக் கொடுத்துவிட்டு முடியை மட்டும் ஒவ்வோர் இழையாகப் பிரித்தெடுத்து, கண்ணில் ஒற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்கிறான். இனி அரிய மருந்துகளும் வேண்டாம், புனிதர்களின் துணையும் வேண்டாம் என்று நினைக்கிறான். ஒரு கிறித்தவக் காவியத்தில் இது சாதாரண நினைப்பில்லை.

இன்னோர் இடம். ஆற்றுத்துறையில் காவல் நிற்கும் வீரன், தண்ணீரில் இறங்காதே என்று மூன்று தடவை கத்துகிறான். நம் நாயகன் அரசியின் நினைவில் காது கேளாமல் போகிறான். குதிரை தாகத்தில் தண்ணீரை நோக்கி நடக்கிறது. காவல்காரன் ஈட்டியால் ஒரு குத்து விட, நாயகன் தொப்பென்று ஆற்றில். குளிர்ந்த நீர் பட்டபிறகுதான் விழித்துக்கொண்டு, காரணமே இல்லாமல் ஏன் தாக்கினாய் என்று சண்டைக்குப் போகிறான்.

சிரிக்கிறீர்கள். அன்று கேட்டவர்களும் சிரித்திருப்பார்கள். ஆனால் இதே ஆள்தான் கொஞ்ச நேரம் கழித்து வாள்பாலத்தைக் கடக்கிறான். கறுத்த வெள்ளத்துக்கு மேலே, இரண்டு ஈட்டி நீளத்துக்கு ஒரு வாள். கூர்விளிம்பு மேலே பார்த்தபடி. வழுக்காமல் பிடிப்புக் கிடைக்கட்டும் என்று கை, கால் கவசங்களைக் கழற்றிவிட்டு வெறும் கையோடும் காலோடும் அதன்மேல் ஊர்ந்து போகிறான். உள்ளங்கை, முழங்கால், பாதம் எல்லாம் அறுபடுகின்றன. அந்த வலியும் அவனுக்கு இனிக்கிறது என்கிறார் கவிஞர். இந்த இரண்டு காட்சியையும் ஒரே கவிஞர், ஒரே ஆளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆற்றில் விழுந்தபோது அவன் காது கேட்காததும் வாளின் மேல் அவனுக்கு வலி இனித்ததும் ஒரே காரணத்தால்தான்.

அப்புறம் போர். மெலியாகாந்தோடு நேருக்கு நேர் மோதுகிறான். அறுபட்ட கைகள், தளர்கிறான். அரசி மேலே சன்னலில் நிற்கிறாள். அவள் பக்கத்தில் நிற்கும் பெண் அவன் பெயரைக் கேட்க, லான்ஸ்லாட் என்று அரசி சொல்கிறாள். காவியம் பாதி தாண்டியபிறகு முதல்முறையாக நமக்கும் பெயர் தெரிகிறது. அரசி வாயால் வரும்வரை அவனுக்குப் பெயரே இல்லை. அந்தப் பெண் கீழே பார்த்துக் கூப்பிடுகிறாள். லான்ஸ்லாட் திரும்புகிறான், அரசியைக் கண்டுவிடுகிறான், கண்ணை எடுக்க முடியவில்லை. முகம் சன்னல் பக்கம், எதிரி முதுகுப் பக்கம், வாளைப் பின்புறமாக வீசிச் சண்டை போடுகிறான்! கடைசியில் அந்தப் பெண்ணே அவனைத் திட்டி, சுற்றிவந்து எதிரியை உனக்கும் கோபுரத்துக்கும் நடுவில் நிறுத்திக்கொள், இரண்டையும் பார்க்கலாம் என்று யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது.

வென்றுவிட்டு, ரத்தம் சொட்ட அரசியின் முன் போய் நிற்கிறான். அவள் முகம் கொடுக்கவில்லை. உள்ளறைக்குப் போய்விடுகிறாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. குற்றவாளி வண்டியில் ஏறிய இழிவுக்காகத்தான் வெறுக்கிறாள் என்று நினைக்கிறான். இடையில் அவன் செத்தான் என்று அவளுக்கு வதந்தி, அவள் செத்தாள் என்று அவனுக்கு வதந்தி; அவன் இடைக்கச்சையைக் கழுத்தில் மாட்டிச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சாகப் பார்க்கிறான். எல்லாம் அடங்கிச் சந்திக்கும்போதுதான் காரணம் வெளிவருகிறது. ஏறியதற்காக அவள் கோபிக்கவில்லை. இரண்டடி தயங்கியதற்காகக் கோபித்தாள்.

அந்தத் தயக்கம் அவளுக்கு எப்படித் தெரிந்தது? கவிஞர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார் போலும். இந்தக் காதல் கேட்கிற கணக்கு அவ்வளவு நுட்பமானது. வாள்பாலம் வரவில் சேராது. இரண்டடி பற்றில் ஏறிவிடும்.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, 12-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரண்மனைகளில் பிரபுக்களின் மனைவிமார் இப்படித்தான் ஆட்சி செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1175-இல் பிளாண்டர்ஸ் பிரபு பிலிப், தம் மனைவி எலிசபெத்தோடு தொடர்பு வைத்ததாகச் சந்தேகப்பட்டு ஒரு வீரனை அடித்து, மலக்குழியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொன்றார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பிரபுவின் மனைவியைத் தொடுவது காதல் விவகாரம் அன்று, ராஜதுரோகம். பிள்ளை யாருடையது என்ற கேள்வி வந்தால் நாட்டின் வாரிசுரிமையே ஆடிப்போகும். இதே பிலிப்தான் பின்னால் கிரெத்தியானுக்குப் புரவலராகிப் 'பெர்சிவல்' காவியத்தைப் பாடவைத்தார். தம் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிரபு என்ன செய்யக்கூடியவர் என்பது கவிஞருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

பின் ஏன் இப்படிப் பாடினார்கள்? வரலாற்றாசிரியர் ழார்ழ் தூபி தந்த விளக்கம் எனக்குப் பெரும்பாலும் ஏற்புடையது. வட பிரான்சில் சொத்து சிதறாமல் இருக்க மூத்தவனுக்கு மட்டும் மணம் முடித்துவிட்டு இளையவர்களை விட்டுவிடுவார்கள். நிலம் இல்லாத, மணமாகாத இளம் வீரர்கள் பிரபுவின் கோட்டையில் கும்பலாகக் கிடப்பார்கள். அவர்களுக்கு நடுவே அதிகாரமுள்ள ஒரே பெண் பிரபுவின் மனைவி. அவளைக் குறிவைத்து ஓர் ஆட்டம்; அதில் அடக்கமும் பேச்சு நயமும் பொறுமையும் கற்றுக்கொள்கிறார்கள்; கடைசியில் எல்லாப் பணிவும் அவள் கணவனுக்கே போய்ச் சேர்கிறது. விளக்கம் கெட்டிக்காரத்தனமானது. ஒரே குறை, அதில் பெண் வெறும் ஆட்டக்காயாகிவிடுகிறாள். தெற்கில் பெண்களே பாடிய பாட்டுகளும் இருக்கின்றன. தியா சீமாட்டியின் பாட்டு ஒன்று இசைக்குறிப்போடு கிடைத்திருக்கிறது. தன்னை விட்டுப்போனவனைப் பற்றி, பட்டுத் துணி போர்த்தாமல் நேரடியாகக் குறைசொல்கிற குரல் அது.

'வண்டி வீரன்' காவியத்தையும் ஒரு பெண்தான் கேட்டு வாங்கினார். ஷாம்பாஞ் சீமாட்டி மேரி; 1145-இல் பிறந்தவர்; ஏழாம் லூயி மன்னருக்கும் எலினாருக்கும் மூத்த மகள். அந்த எலினார், முதலில் சொன்னேனே, ஒன்பதாம் கியோம், அவருடைய பேத்தி. தெற்கின் பாட்டு வடக்கின் கதைக்குள் வந்த வழியை ஒரு குடும்ப மரத்திலேயே காட்டிவிடலாம். கதைப் பொருளையும் அதன் கருத்தையும் சீமாட்டிதான் தந்தார், தாம் உழைப்பை மட்டும் சேர்த்ததாகக் கவிஞர் முகப்பில் சொல்கிறார். இது புரவலருக்குச் செய்த மரியாதையா, பொறுப்பைக் கைகழுவியதா? எனக்கு இரண்டாவதும் கொஞ்சம் கேட்கிறது. ஏனென்றால் அவர் இந்தக் காவியத்தை முடிக்கவில்லை. லான்ஸ்லாட்டை மெலியாகாந்த் ஒரு கோபுரத்தில் அடைத்து வாசலைச் சுவர் வைத்து மூடிவிடுகிறான். உணவு போக ஒரு சின்னத் துவாரம்தான். நாயகனை அங்கேயே விட்டுவிட்டுக் கிரெத்தியான் போய்விட்டார். அவருடைய சம்மதத்தோடு கோத்ஃப்ருவா த லான்யி என்பவர் மிச்சத்தை எழுதி முடித்தார்.

கிரெத்தியானின் மற்றக் காவியங்களைப் பார்த்தால் இந்த ஐயம் வலுக்கிறது. 'எரெக்'கில் காதல் கணவன் மனைவிக்கு இடையில்தான். 'கிளிஜெஸ்' கதையின் நாயகி, உடல் ஒருவனுக்கும் மனம் ஒருவனுக்கும் என்று இஸோல்ட் என்ற இன்னொரு கதைநாயகி போல வாழமாட்டேன் என்று மருந்து குடித்துச் செத்ததாக நடித்துக்கூடத் தப்பிக்கிறாள். கடைசியில் காதலனையே மணக்கிறாள். 'இவேன்' காவியத்தில் மனைவிக்குக் கொடுத்த ஓராண்டுத் தவணையை மறந்ததற்காக நாயகன் பைத்தியமாகிக் காட்டில் திரிகிறான். பிறர்மனைக் காதல்தான் விதி என்று பட்டியல் போட்டவர்கள் இந்த மூன்றையும் எங்கே வைப்பார்கள்?

'இவேன்' என்றதும் ஒரு காட்சியைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு கோட்டைத் தோட்டத்தில் பட்டு விரிப்பில் பிரபு சாய்ந்திருக்கிறார். மகள் ஒரு காதல் காவியத்தை வாசித்துக்காட்டுகிறாள். தாயும் வந்து கேட்கிறாள். காவியம் எப்படிக் கேட்கப்பட்டது என்பதற்கு அருமையான சான்று என்று இதை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே கோட்டையில், வேலியடைத்த கொட்டடியில், 300 பெண்கள் கந்தலோடும் பசியோடும் பட்டும் பொன்னிழையும் நெய்துகொண்டிருக்கிறார்கள். தாங்கள் ஈட்டித்தரும் ஒவ்வொரு பவுனுக்கும் தங்களுக்குக் கிடைப்பது நாலு தெனியே என்று கணக்குச் சொல்கிறார்கள். 240 தெனிக்கு ஒரு பவுன். இதையும் கிரெத்தியானேதான் எழுதினார். இந்தப் பகுதியை ஏனோ எடுத்துக்காட்டுபவர்கள் குறைவு.

பட்டியல் வந்த கதைக்கு வருகிறேன். 1180-களில் ஆந்திரேயாஸ் கப்பெலானுஸ் என்ற பாதிரியார் லத்தீனில் காதலைப் பற்றி ஓர் உரைநடை நூல் எழுதினார். அதில் 31 விதிகள். காதல் வழக்குகளுக்கு மேரி, எலினார் முதலிய சீமாட்டிகள் சொன்னதாகத் தீர்ப்புகள். தீர்ப்புச் சொல்பவர்களில் பிளாண்டர்ஸ் சீமாட்டியும் உண்டு என்பதைக் கவனியுங்கள், மலக்குழியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி நீதிமன்றங்கள் நடந்ததற்கு இந்த நூலுக்கு வெளியே ஆதாரம் இல்லை. மூன்றாம் பகுதியில் பாதிரியார் அப்படியே திரும்பிக் காதலையும் பெண்களையும் கண்டபடி ஏசுகிறார். 1277-இல் பாரிஸ் பிஷப் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்தபோது இந்த நூலையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். பகடி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பிறகு 1883-இல் கஸ்தோன் பாரி நம் வண்டி வீரனைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் அரசவைக் காதல் என்ற வகைப்பெயர் ஆய்வுலகில் நிலைபெற்றது. 1936-இல் சி. எஸ். லூயிஸ் அதை ஏறக்குறைய ஒரு மதமாகவே விவரித்தார். 1960-களில் டி. டபிள்யூ. ராபர்ட்ஸன் எதிர்த்திசையில் போய், இப்படி ஒன்று இருந்ததே இல்லை, கவிஞர்கள் முட்டாள் காதலர்களைக் கிண்டல் செய்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். இவர்கள் இருவரோடும் எனக்குச் சண்டை உண்டு. சன்னலைப் பார்த்துக்கொண்டே முதுகுப்புறம் வாள்வீசுகிறவனை ஒருவர் வணங்குகிறார், இன்னொருவர் எள்ளி நகையாடுகிறார். கவிஞர் ஆளைப் பார்த்துச் சிரிக்கிறார். அவனுக்குள் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கதையின் பிற்பகுதியில் ஒரு போட்டிப்போர் வருகிறது. மாறுவேடத்தில் வந்திருக்கும் லான்ஸ்லாட்டுக்கு, மிக மோசமாகச் சண்டையிடு என்று அரசி சொல்லியனுப்புகிறாள். உடனே அவன் குறி தவறவிடுகிறான், எதிரி வந்தால் ஓடுகிறான், கோழை என்று கூட்டம் ஊளையிடுகிறது. மறுநாளும் அதே கட்டளை, அதே கீழ்ப்படிதல். பிறகுதான் திறமையைக் காட்டு என்று ஆணை வருகிறது. இந்தமுறை ஒரு நொடித் தயக்கமும் இல்லை. வண்டியில் பட்ட கடன் இங்கே தீர்கிறது.

அடுத்த தலைமுறை இந்தக் கதையை உரைநடையில் விரித்தது. 1215-க்கும் 1235-க்கும் இடையில் எழுந்த பெரிய தொகுதி. அங்கே லான்ஸ்லாட் மிகவும் கூச்சப்படுகிறவன். நண்பன் கலெஹோ ஏற்பாடு செய்த சந்திப்பில் அவன் வாயடைத்து நிற்க, அரசிதான் அவன் முகவாயைப் பிடித்து முத்தமிடுகிறாள். இந்த இடத்தைத்தான் ரிமினியின் பிரான்செஸ்காவும் அவள் கணவனின் தம்பி பவோலோவும் சேர்ந்து படித்ததாகத் தாந்தே நரகத்தின் ஐந்தாம் காண்டத்தில் பாடுகிறார். ஆனால் பிரான்செஸ்கா சொல்லும்போது முத்தமிட்டவன் லான்ஸ்லாட் ஆகிவிடுகிறான். தாந்தே படித்த பிரதியில் அப்படி இருந்தது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது பிரான்செஸ்காவின் திருத்தமாகவே படுகிறது: குற்றம் புத்தகத்துடையது, எழுதினவனுடையது என்கிறாள்; முதல் அடியையும் ஆண்மேல் போட்டுவிடுகிறாள். அன்று அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்களாம். அந்தத் தொகுதியில் அதற்குப் பின்னால்தான் கினிவியரின் காதலால் லான்ஸ்லாட்டுக்குக் கிரெயில் என்ற புனிதக் கிண்ணம் கிட்டாமல் போவதும், அவன் கையாலேயே கவேனின் தம்பிமார் சாவதும், ஆர்தரின் நாடு அழிவதும் வருகின்றன.